நீர் தாங்கும் தண்டு

எண்ணெய் கேட்காத மோட்டார்

மண்டகப்பட்டு என்ற ஊரைச் சுற்றியுள்ள வயல்களில் ஆழ்துளைக் கிணறு வைத்திருக்கும் எவருக்கும் என்றாவது ஒருநாள் இந்தச் சந்தேகம் எழுந்திருக்கும். தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுகிறோம். மாட்டுவண்டி அச்சுக்கு மசகு தடவுகிறோம். சைக்கிள் சங்கிலி, கதவுக் கீல், கிணற்று ராட்டினம் எல்லாமே உராயும் இடத்தில் எண்ணெய் கேட்கின்றன. விடாவிட்டால் கிறீச்சிட்டு நமக்கு நினைவூட்டுகின்றன. ஆனால் நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,800 முறை சுழலும் சப்மெர்சிபிள் மோட்டாருக்கு யாரும் எண்ணெய் விடுவதில்லை. இறக்கிவிட்டுப் போனால் ஆண்டுக்கணக்கில் தானாக ஓடுகிறது. நம் ஊர்களில் பெரும்பாலும் பயன்படுவது உள்ளே தண்ணீர் நிரப்பிய மோட்டார். அதன் சுழலும் தண்டு தண்ணீருக்குள்ளேயே உராய்ந்துகொண்டிருக்கிறது. அப்படியென்றால் அங்கே எண்ணெயின் வேலையைச் செய்வது எது?

இதே கேள்வி கிழக்கே மரக்காணம் கடற்கரைக்குப் போனால் இன்னும் கூர்மையாகிறது. கிணற்று நீராவது ஓரளவு தெளிந்தது. கடலில் உப்பு இருக்கிறது, மணல் இருக்கிறது, ஒட்டி வளரும் சிப்பிகள் இருக்கின்றன. அந்த நீருக்குள் ஒரு கனமான உருக்குத் தண்டு பல்லாயிரம் மணி நேரம் சுழல வேண்டும். அதைத் தாங்கிப் பிடிப்பது இரும்போ வெண்கலமோ என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். உலகெங்கும் எண்ணற்ற படகுகளில் அந்த இடத்தில் இருப்பது ஒரு ரப்பர் குழாய். மணலைத் தாங்கி நிற்க மென்மையான பொருளை ஏன் தேர்ந்தெடுத்தார்கள், அது தேய்ந்தபின் மாற்றும்போது உண்மையில் எதை மாற்றுகிறோம் என்பதே இந்த அத்தியாயத்தின் விசாரணை.

படகின் அடியில் ஓர் ஓட்டை

விசைப்படகின் இன்ஜின் படகுக்குள் இருக்கிறது. படகைத் தள்ளும் புரொப்பெல்லர் தண்ணீருக்குள் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் தண்டு, அதாவது ஷாஃப்ட், படகின் உடலைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். மிதக்கும் ஒரு பொருளின் அடியில் வேண்டுமென்றே ஓட்டை போட்டு, அந்த ஓட்டைக்குள் ஒரு தண்டைச் சுழலவும் விடுகிறோம். பாய் விரித்துச் செல்லும் உல்லாசப் படகுகளிலும் காற்று இல்லாத நேரத்துக்கும் துறைமுகத்துக்குள் நுழைவதற்கும் ஒரு சிறிய இன்ஜின் இருப்பதால், அவற்றின் அடியிலும் இதே ஓட்டை இருக்கிறது. தண்டின் பருமன் மட்டுமே வேறு.

அந்தத் தண்டுக்கு இரண்டு காவல்கள் உண்டு. படகுக்குள் இருக்கும் முதல் காவல் கிளாண்ட். மசகில் ஊறிய கயிற்றை வளையங்களாக வெட்டித் தண்டைச் சுற்றி அடைத்து, ஒரு மூடியால் இறுக்கியிருப்பார்கள். நீர் உள்ளே வராமல் தடுப்பது அதன் வேலை. மோட்டார் கொட்டகையில் பழைய வகைப் பம்பு பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே போலவே இங்கும் கிளாண்டில் சில சொட்டுகள் கசிய வேண்டும். முற்றிலும் இறுக்கினால் கயிறு சூடேறிக் கருகி, தண்டையும் அரித்துவிடும். இரண்டாவது காவல் படகின் வெளிமுனையில், புரொப்பெல்லருக்குச் சற்று முன்னால் இருக்கிறது. மெக்கானிக்குகள் அதைப் புஷ் அல்லது பேரிங் என்கிறார்கள். இங்கே தாங்கி என்று வைத்துக்கொள்வோம். தண்டின் எடையையும் புரொப்பெல்லரின் எடையையும் சுமந்து, தண்டு ஆடாமல் நடுவில் நிற்கச் செய்வது தாங்கியின் வேலை. நீரைத் தடுப்பது அதன் வேலை அல்ல. கடல்நீர் அதற்குள் தாராளமாக வந்துபோக வேண்டும்.

தாங்கியை வெட்டிப் பார்த்தால் வெளியே பித்தளை உறை, அதன் உள்பக்கம் ஒட்டிய ரப்பர். ரப்பரின் உள்பரப்பில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீளவாக்கில் பள்ளங்கள் ஓடுகின்றன. ஏர் உழுத சால்கள் போன்ற அவற்றை நீர்ச்சால்கள் என்று அழைக்கலாம். இரண்டு சால்களுக்கு இடையே இருக்கும் மேட்டின் மீதுதான் தண்டு படுத்திருக்கிறது. படகு நகரும்போது நீர் இந்தச் சால்கள் வழியே பாய்கிறது.

சுமையைத் தூக்கும் நீர்ப்படலம்

சுழலும் தண்டு உண்மையில் தாங்கியைத் தொட்டுக்கொண்டு சுழல்கிறதா? இதற்கான விடை 1883இல் எதிர்பாராமல் கிடைத்தது. பிரிட்டனில் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக பொசாம் டவர் என்ற பொறியாளர் ரயில்பெட்டி அச்சுகளின் உராய்வைச் சோதித்துக்கொண்டிருந்தார். அச்சின் மேல் கவிழ்ந்திருந்த தாங்கியில் எண்ணெய் ஊற்றுவதற்காக ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றதும், உள்ளே போக வேண்டிய எண்ணெய் அந்தத் துளை வழியாக மேலேறி வழிந்தது. தக்கை வைத்து அடைத்தார்; தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டை வைத்து அடைத்தார், அதுவும் வெளியேறியது. பிறகு அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, தாங்கியின் மீதிருந்த சராசரி அழுத்தத்தைப்போல் இரு மடங்குக்கும் மேலான அழுத்தம் அந்த எண்ணெயில் இருந்தது. சுமையைத் தூக்கி நிறுத்தியிருந்தது உலோகம் அல்ல, அதற்கும் அச்சுக்கும் இடையே புகுந்திருந்த எண்ணெய்தான். 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்கான கோட்பாட்டை முழுமையாக வகுத்தார்.

அவர் காட்டிய வழி இது. தண்டு தாங்கியின் சரிநடுவில் இருப்பதில்லை. எடையால் சற்றுக் கீழே அமர்ந்திருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் இடையிலான இடைவெளி ஒரு பக்கம் அகன்றும், போகப்போகக் குறுகியும் இருக்கிறது. சுழலும் தண்டு தன் பரப்பில் ஒட்டிய திரவத்தை அந்தக் குறுகலுக்குள் இழுத்துச் செல்கிறது. உள்ளே போன திரவம் வெளியேற வழி குறைவு. அழுத்தம் ஏறுகிறது; தண்டை மேலே தூக்குகிறது. மழை தேங்கிய சாலையில் வேகமாகப் போகும் மோட்டார் சைக்கிளின் சக்கரம் தரையை விட்டு நீரின் மேல் ஏறி வழுக்குவதும் இதே காரணத்தால்தான். சாலையில் நாம் அஞ்சும் அந்த வழுக்கல், தாங்கிக்குள் நமக்கு வேண்டிய நன்மையாகிறது.

இந்த விளக்கத்தில் எண்ணெய்தான் வேண்டும் என்று எங்கும் இல்லை. பரப்பில் ஒட்டி, குறுகலுக்குள் இழுபட்டு, எளிதில் நசுங்காத எந்தத் திரவமும் போதும். தண்ணீருக்கும் அந்தக் குணங்கள் உண்டு. ஆனால் அதற்கு ஒரு குறை இருக்கிறது. எண்ணெயோடு ஒப்பிட்டால் தண்ணீரின் பிசுப்பு மிகக் குறைவு. அது உண்டாக்கும் படலம் மெல்லியது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். நம் தலைமுடியின் பருமன்கூட அதைவிடப் பல மடங்கு. நீரால் தண்டைத் தாங்க முடியும், ஆனால் மெல்லிய படலத்தால்தான் தாங்க முடியும். தாங்கியின் வடிவம், நீளம், பொருள் எல்லாமே இந்த ஒரு பலவீனத்தைச் சுற்றி அமைந்தவை.

மண்டகப்பட்டுக் கல்லும் கடற்கரை மணலும்

இப்போது கடினத்தைப் பற்றிப் பேசலாம். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் ஒரு பாறையைக் குடைந்து பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் கோயில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இதைச் செய்ததாக அங்கே கல்வெட்டிலும் பொறித்து வைத்தான். அவன் விலக்கிய பொருள்கள் எல்லாம் மட்கும், துருப்பிடிக்கும், உதிரும். பாறை நிற்கும். 1,400 ஆண்டுகளாக அது நின்றுகொண்டிருக்கிறது. நீடிக்க வேண்டுமானால் கடினமான பொருளைத் தேர்ந்தெடு என்ற விதிக்கு இதைவிட வலுவான சான்று இந்தப் பகுதியில் இல்லை.

அந்த விதி அசையாத பொருளுக்குப் பொருந்தும். அசையும் பொருளுக்கு வரும்போது அதே கல் எதிராளியாகிறது. இப்பகுதியின் கருங்கல் குன்றுகள் வெயிலிலும் மழையிலும் சிதையும்போது அவற்றில் உள்ள பிற தாதுக்கள் மெல்லக் களிமண்ணாகிவிடுகின்றன. குவார்ட்ஸ் என்ற கண்ணாடி போன்ற தாது மட்டும் சிதையாமல் மணலாக எஞ்சுகிறது. செஞ்சிக் குன்றுகளில் தொடங்கி வீடூர் அணை வழியாகப் புதுச்சேரிக் கடலைச் சேரும் சங்கராபரணியும், தெற்கே தென்பெண்ணையும் அந்த மணலைக் கடலுக்குக் கொண்டுசேர்க்கின்றன. கரையோர நீரோட்டம் அதை வடக்கு நோக்கி நகர்த்துகிறது. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தின் முகத்துவாரம் மணலால் அடைபடுவதும், தூர்வாருவதும், மறுபடி அடைபடுவதும் இதன் விளைவே. அந்த வாயிலைக் கடக்கும் ஒவ்வொரு படகின் புரொப்பெல்லரும் மணல் கலந்த நீரைக் கடைந்துகொண்டுதான் போகிறது.

தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவையில் குவார்ட்ஸ் 7இல் நிற்கிறது. சாதாரண உருக்குக் கத்தி ஏறக்குறைய 5.5. வெண்கலமும் பித்தளையும் 3ஐ ஒட்டி. உயர்ந்த எண் தாழ்ந்த எண்ணைக் கீறும். ஆக மணல் உருக்கையும் கீறும், வெண்கலத்தையும் கீறும். மணலின் அளவையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கடற்கரையின் நுண்மணல்கூட ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமன் கொண்டது. நீர்ப்படலமோ நூறில் ஒரு பங்கு. படலத்தைவிடப் பத்து மடங்கு பெரிய துகள் அதற்குள் நுழைந்தால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். மணல் விட்டுக்கொடுக்காது. தண்டும் தாங்கியும் உலோகமாக இருந்தால், துகள் வெண்கலத்தில் பாதி புதைந்து அங்கேயே நின்றுவிடும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அது தண்டை ஓர் உளியைப்போல் கீறும். தாங்கியைவிடத் தண்டு விலை உயர்ந்தது என்பதால் இழப்பு இரட்டிப்பாகிறது.

ரப்பர் இந்தச் சிக்கலை விட்டுக்கொடுத்தே தீர்க்கிறது. துகள் வந்ததும் அமுங்கி இடம் தருகிறது. தண்டு சுழலும்போது துகள் ரப்பர் மேட்டின் மீது உருண்டு, அடுத்த நீர்ச்சாலுக்குள் விழுகிறது. சாலில் ஓடும் நீர் அதை அடித்துக்கொண்டு வெளியேறுகிறது. ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. கீறலுக்குத் தேவையானது இரண்டு பரப்புகள் துகளை இறுகப் பிடித்துக்கொள்வது. ஒன்று பிடிக்க மறுத்தால் கீறல் நிகழ்வதற்கான சூழலே குறைந்துவிடுகிறது.

மரமும் ரப்பரும் வந்த வழி

உலோகத்தைவிட மென்மையான பொருள் நீடிக்கும் என்பது மேசையில் உட்கார்ந்து கண்டுபிடித்த உண்மை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் புரொப்பெல்லர் பொருத்திய நீராவிக் கப்பல்கள் வந்தபோது உலோகத் தாங்கிகள் விரைவாகத் தேய்ந்து, கப்பல்கள் ஆபத்தான கசிவுக்கு ஆளாயின. லண்டனை அடுத்த கிரீனிச்சில் இன்ஜின் தொழிற்சாலை நடத்திய ஜான் பென், கரீபியப் பகுதியின் லிக்னம் வைட்டே என்ற மரத்தைத் தாங்கியில் பயன்படுத்த 1854இல் காப்புரிமை பெற்றார். தண்ணீரில் மூழ்கிவிடும் அளவுக்கு அடர்த்தியானது, தன்னுள்ளேயே பிசின் கொண்டது அந்த மரம். உலோகம் தோற்ற இடத்தில் மரம் நின்றது. நூறாண்டுக்கும் மேலாகப் பெருங்கப்பல்களின் தண்டுகள் அதன் மீதுதான் சுழன்றன.

அடுத்த படி 1920களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நிகழ்ந்தது. சார்லஸ் ஷெர்வுட் என்ற சுரங்கப் பொறியாளர் நீர் இறைக்கும் பம்பின் தாங்கி தேய்ந்துபோக, மாற்றுப் பொருள் கையில் இல்லாத நிலையில் ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றை அங்கே வைத்தார். சுரங்க நீரில் கல்துகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அந்த ரப்பர் உலோகத்தைவிட நெடுநாள் உழைத்தது. அதிலிருந்து பிறந்ததே இன்று கட்லஸ் என்ற பெயரில் படகுகளில் பரவியிருக்கும் நீர்ச்சால் ரப்பர் தாங்கி. கிணற்றுப் பம்பிலும் கடற்படகிலும் ஒரே தத்துவம் வேலை செய்வது தற்செயல் அல்ல. பம்பிலிருந்துதான் அது படகுக்கே வந்தது.

ஒரு விசைப்படகு, ஒரு கணக்கு

ரப்பர் மென்மையானது என்றால் எடையில் நசுங்கிவிடாதா என்று கேட்பது நியாயம். எண்களை வைத்தே பார்ப்போம். 50 மி.மீ. தண்டு கொண்ட ஒரு விசைப்படகை எடுத்துக்கொள்வோம். நீரால் மசகிடப்படும் தாங்கிக்கு நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் விதி, அதன் நீளம் தண்டின் விட்டத்தைப்போல் நான்கு மடங்கு இருக்க வேண்டும் என்பது. ஆகவே நம் தாங்கியின் நீளம் 200 மி.மீ. மேலிருந்து பார்த்தால் தண்டு படுத்திருக்கும் பரப்பு 5 செ.மீ. அகலமும் 20 செ.மீ. நீளமும் உள்ள ஒரு செவ்வகம். அதாவது 100 சதுர செ.மீ. புரொப்பெல்லரும் தண்டின் பின்பாதியும் சேர்ந்து 60 கிலோ எடையை அதன்மேல் வைப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 600 கிராம் மட்டுமே. ரப்பருக்கு இது பெருஞ்சுமை இல்லை. மெல்லிய நீர்ப்படலத்தால் தூக்க முடிகிற அளவுக்கு எடையைப் பரப்பி வைப்பதற்காகவே தாங்கி இவ்வளவு நீளமாக இருக்கிறது. சற்றே அமுங்கும் ரப்பரின் குணமும் இதற்கு உதவுகிறது. அமுங்கிய இடம் ஆழமற்ற ஒரு குழியாகி, நீர் பக்கவாட்டில் நழுவிவிடாமல் பிடித்து வைக்கிறது.

வேகத்தையும் கணக்கிடலாம். இன்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்று, கியர்பாக்ஸ் அதை மூன்றில் ஒன்றாகக் குறைக்கிறது என்றால் தண்டு 600 சுற்று, நொடிக்கு 10. தண்டின் சுற்றளவு 157 மி.மீ. ஆகவே அதன் பரப்பு நொடிக்கு ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல் நகர்கிறது. நீரைக் குறுகலுக்குள் இழுத்துச் செல்ல இந்த வேகம் வேண்டும். இன்ஜினைக் கிளப்பும் கணத்திலும், மிக மெதுவாகச் செல்லும்போதும் படலம் முழுமையாக உருவாவதில்லை. தண்டு ரப்பரைத் தொடுகிறது. தேய்மானத்தின் பெரும்பங்கு இந்த நேரங்களிலும், மணல் மிகுந்த ஆழமற்ற நீரிலும் நிகழ்கிறது. ஆண்டுக்கு 200 நாள், நாளுக்கு 10 மணி நேரம் படகு ஓடுவதாக வைத்தால் தண்டு 7 கோடியே 20 லட்சம் முறை சுழன்றிருக்கும். அதன் பரப்பு ரப்பரைக் கடந்து சென்ற தூரம் ஏறத்தாழ 11,300 கிலோமீட்டர். இந்தத் தூரத்தைத் தொட்டுக்கொண்டே கடந்திருந்தால் ரப்பர் விரைவில் தேய்ந்து தீர்ந்திருக்கும். பெரும்பகுதி தொடாமலே கடந்திருக்கிறது என்பதற்கு இந்த எண்ணே சான்று.

புதிதாக மாட்டியபோது தண்டுக்கும் ரப்பருக்கும் இடையே மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு இடைவெளி இருக்கும். தேயத் தேய அது கூடுகிறது. கரையேற்றிய படகின் புரொப்பெல்லரைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் ஆட்டம் தெரியும். 50 மி.மீ. தண்டில் அந்த ஆட்டம் ஓரிரு மில்லிமீட்டரை எட்டினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, இன்னும் ஒரு பருவம் போகட்டும் என்று தள்ளிப்போடுவதில் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. இடைவெளி அகன்றால் குறுகல் மறைகிறது. குறுகல் மறைந்தால் படலம் பலவீனமாகிறது. தண்டு துள்ளத் தொடங்குகிறது. அந்த அதிர்வு கிளாண்டையும் கியர்பாக்ஸையும் சென்று தாக்குகிறது. எஞ்சியிருக்கும் ரப்பர் முன்னைவிட வேகமாகத் தேய்கிறது.

கழற்றுவதும் மாட்டுவதும்

தமிழ்நாடு, புதுச்சேரியின் கிழக்குக் கரையில் இந்த வேலைக்கு இயல்பான காலம் ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் பழுதுபார்ப்புக்காகக் கரையேற்றப்படுகின்றன. முதலில் இன்ஜின் பக்கத்தில் தண்டை இணைக்கும் கப்ளிங்கைப் பிரித்து, புரொப்பெல்லரை இழுப்பான் கொண்டு கழற்றி, தண்டைப் பின்பக்கமாக உருவ வேண்டும். தாங்கியைப் பிடித்திருக்கும் பக்கவாட்டுத் திருகுகளைத் தளர்த்தியபின், நீண்ட மரைக்கம்பியும் குழாய்த் துண்டும் வைத்துத் தாங்கியை மெல்ல இழுத்தெடுக்கலாம். உப்பு கட்டி இறுகிப்போயிருந்தால், ஆக்ஸா பிளேடால் அதன் பித்தளை உறையை நீளவாக்கில் அறுத்து உள்பக்கமாகச் சுருட்டி எடுப்பார்கள். அப்போது பிளேடு உறையைத் தாண்டி, அது அமர்ந்திருக்கும் குழாயை வெட்டிவிடக் கூடாது. தாங்கியை வெளியே எடுக்கும் முன்பே அதன் மேல்பக்கம் எது, முன்முனை எது என்று குறித்துக்கொள்வது மிக அவசியம். காரணம் அடுத்த பகுதியில் விளங்கும்.

புதிய தாங்கியைச் சுத்தியலால் அடித்து நுழைத்தால் உறை நசுங்கி உள்விட்டம் சுருங்கும். அதற்குப் பதில் வெப்ப இயற்பியலைத் துணைக்கு அழைக்கலாம். 65 மி.மீ. வெளிவிட்டம் கொண்ட பித்தளை உறையை உறைபெட்டியில் வைத்து 40 டிகிரி குளிர்வித்தால் அதன் விட்டம் மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்கு குறையும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத அளவு. ஆனால் இறுக்கமாகப் பொருந்தும் இடத்தில் அது போதும். மரைக்கம்பியை முறுக்கியே உள்ளே தள்ளிவிடலாம். சூடு ஏறியதும் உறை விரிந்து தானாகப் பிடித்துக்கொள்ளும். தண்டை நுழைக்கும்போது சோப்பு நீர் தடவினால் ரப்பர் கிழியாது. தண்டின் பரப்பில் விரல் நகம் மாட்டுமளவு பள்ளம் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் புதிய ரப்பரை மாட்டுவதில் பயனில்லை. படகு நீரில் இறங்கும் முன் இன்ஜினைச் சோதிக்கிறேன் என்று தண்டைச் சுழற்றவே கூடாது. உலர்ந்த ரப்பருக்கும் உருக்குக்கும் இடையே உராய்வு மிக அதிகம். சிறிது நேரத்திலேயே ரப்பர் சூடேறிக் கருகிவிடும்.

தேய்மானத்தைப் படிப்பது

இங்கேதான் வேலை முடிந்தது என்று பெரும்பாலும் நினைக்கிறோம். ஆனால் பழைய தாங்கி ஏன் தேய்ந்தது என்ற கேள்விக்கு விடை காணாமல் புதியதை மாட்டினால் அதே காரணம் புதியதையும் தின்னும். விடை குப்பையில் போட்ட பழைய தாங்கியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

ரப்பர் அடிப்பக்கத்தில் மட்டும் முழு நீளத்துக்கும் சீராகத் தேய்ந்திருந்தால் அது எடையால் வந்த இயல்பான தேய்மானம். முன்முனையில் மேல்பக்கமும் பின்முனையில் கீழ்ப்பக்கமும் தேய்ந்திருந்தால் தண்டு சாய்ந்து கிடக்கிறது. இன்ஜின் பக்கம் உயர்ந்திருக்கிறது. இதற்கு நேர்மாறாக இருந்தால் இன்ஜின் தாழ்ந்திருக்கிறது. அதைத் தாங்கும் ரப்பர் கட்டைகள் வயதாகி அமுங்கியிருக்கக்கூடும். தாங்கியையும் தண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவான தீர்ப்பு கிடைக்கிறது. தண்டு சுற்றிலும் சீராகத் தேய்ந்து, தாங்கி ஒரே பக்கம் தேய்ந்திருந்தால் தண்டின் எல்லாப் பக்கமும் தாங்கியின் ஒரே இடத்தில் உராய்ந்திருக்கிறது. குற்றம் நேர்கோட்டில், அதாவது அலைன்மென்டில். தாங்கி சுற்றிலும் தேய்ந்து, தண்டு ஒரே பக்கம் தேய்ந்திருந்தால் தண்டின் ஒரே பக்கம் தாங்கியின் எல்லா இடத்திலும் உராய்ந்திருக்கிறது. தண்டு வளைந்திருக்கிறது அல்லது புரொப்பெல்லரின் எடை சமமாக இல்லை. ரப்பர் பளபளத்து இறுகிக் கருகியிருந்தால் நீர் போதவில்லை. நீர்ச்சால்கள் அடைபட்டிருக்கும்.

கடைசியாகச் சொன்ன காரணம் ஓடாத படகுகளுக்கே அதிகம் வரும். மாதக்கணக்கில் கட்டியே கிடக்கும் பாய்மரப் படகில் ஒட்டுச்சிப்பிகள் நீர்ச்சால்களுக்குள் வளர்கின்றன. இன்ஜினைக் கிளப்பும்போது ரப்பர் நீரின்றிச் சுழற்சியைத் தாங்குகிறது. தடைக்காலத்தில் கரையேற்றாமல் நீரிலேயே விடப்படும் விசைப்படகுக்கும் இந்த ஆபத்து உண்டு. உழைப்பால் மட்டுமல்ல, ஓய்வாலும் தாங்கி அழியும்.

நேர்கோட்டைச் சரிபார்க்கும் அளவுகோல் எளிது. கப்ளிங்கின் இரு தட்டுகளையும் தொடும் அளவுக்கு நெருக்கி, மேல், கீழ், இடம், வலம் நான்கு இடங்களிலும் ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியை அளக்க வேண்டும். 100 மி.மீ. தட்டில் அந்த இடைவெளிகளின் வேறுபாடு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். இதைக் கரையில் செய்தால் போதாது. கட்டைகள் மீது நிற்கும் படகும் நீரில் மிதக்கும் படகும் ஒரே வடிவில் இருப்பதில்லை. மரப்படகில் இந்த வேறுபாடு இன்னும் கூடுதல். தாங்கியைக் கரையில் மாற்றி, படகை இறக்கி, ஓரிரு நாள் மிதக்கவிட்டு, அதன் பிறகே கப்ளிங்கை இறுதியாக இறுக்குவதுதான் முறை.

மூன்று மறுப்புகள்

வெண்கலப் புஷ் வைத்து கிரீஸ் அடைத்து ஓடும் படகுகள் நன்றாகத்தானே ஓடுகின்றன என்பது முதல் மறுப்பு. ஓடுகின்றன; காரணமும் இருக்கிறது. அழுத்தி அடைத்த கிரீஸ், நீரையும் மணலையும் உள்ளே விடாமல் வெளியே தள்ளுகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு நாள்தோறும் கிரீஸ் கப்பைத் திருகும் ஒரு கையை நம்பியிருக்கிறது. ஒருநாள் மறந்தால் மணல் உள்ளே நுழைந்து வெண்கலத்தில் புதைந்துவிடும். அடைத்த கிரீஸும் கடைசியில் கடலுக்குத்தான் போகிறது. மலிவான நைலான் புஷ்ஷுக்கு வேறொரு குறை: பல நைலான் வகைகள் நீரை உறிஞ்சி ஊதுவதால், கொடுத்த இடைவெளி சுருங்கித் தண்டை இறுக்கிப் பிடிக்கலாம்.

பெருங்கப்பல்கள் எண்ணெய்க்கு மாறிவிட்டனவே என்பது இரண்டாவது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அவை மூடிய குழாயும் எண்ணெயும் கொண்ட முறைக்கு மாறியது உண்மை. நல்ல அடைப்பு இருக்கும்வரை அது சிறந்த முறையே. ஆனால் அடைப்பு தேய்ந்தால் எண்ணெய் கடலில் கசிகிறது. 2013இல் அமெரிக்கா தன் கடற்பகுதிக்கு வரும் கப்பல்களில் சுற்றுச்சூழலைக் கெடுக்காத மசகையே பயன்படுத்த வேண்டும் என்று விதி கொண்டுவந்த பின், நீரால் இயங்கும் தாங்கிகள் மீது பெருங்கப்பல் உலகின் கவனம் மறுபடி திரும்பியது. நீர் கசிந்தால் கடலுக்கு ஒன்றும் ஆவதில்லை.

அலையடிக்கும் மணற்கரையிலேயே ஏறி இறங்கும் படகுகளுக்கு ரப்பராலும் முழுத் தீர்வு கிடையாதே என்பது மூன்றாவது. இதை ஒப்புக்கொள்ள வேண்டும். மணலே நீராக ஓடும் இடத்தில் எந்தத் தாங்கியும் நெடுநாள் நிற்காது. அங்கே தீர்வு தாங்கியின் பொருளில் இல்லை, படகின் அமைப்பில் இருக்கிறது. 1979இல் தொடங்கி சென்னையிலிருந்து இயங்கிய ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம், கரையேறும் படகுகளுக்காக இன்ஜினோடு சேர்த்து தண்டையும் புரொப்பெல்லரையும் மேலே தூக்கிக்கொள்ளும் ஏற்பாட்டை வடிவமைத்தது. இன்று மரக்காணம் பகுதியின் ஃபைபர் படகுகளில் நீண்ட தண்டைக் கையால் தூக்கி இறக்குவதும் அதே அறிவின் வேறு வடிவம். மணலைத் தாங்க முடியாத இடத்தில் அதை விட்டு விலகுவதும் பொறியியலே.

இந்த மூன்று விடைகளும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. சுழலும் தண்டைத் தாங்குவது அதற்கும் தாங்கிக்கும் நடுவே நிற்கும் மெல்லிய நீர். ரப்பரும், சால்களும், நான்கு மடங்கு நீளமும், நேர்கோடும் அந்த நீர் நிற்பதற்கு வேண்டிய ஏற்பாடுகள். ஆகவே தேய்ந்த தாங்கியை மாற்றுவதன் பொருள் நீருக்கு உரிய இடத்தைத் திரும்பக் கொடுப்பது. அந்த இடம் ஏன் பறிபோனது என்று கண்டறிவதும் அதில் பாதி வேலை. படகுப் பட்டறைகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் புதிய தாங்கியை மாட்டக் கற்றுக்கொடுக்கும் அக்கறையோடு, பழையதைக் கழுவி, மேல்பக்கம் குறித்து, தண்டோடு பொருத்திப் படிக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். 61 நாள் தடைக்காலத்தில் அதற்குச் செலவாகும் நேரம் ஒரு பிற்பகல். அதைச் செலவிட்ட படகு அடுத்த தடைக்காலத்தில் இதே செலவோடு வந்து நிற்கத் தேவையில்லை.